ராடில் மூன்று, கேப்பில் இரண்டு: பழைய எஞ்சின் கேள்வி பதில்

கேள்வி: சார், அப்பா வைத்திருந்த 1966 அம்பாசிடர் மார்க் 2 எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒன்பது வருடம் ஷெட்டில் நின்ற வண்டி, போன மாதம்தான் எஞ்சினை இறக்கிப் பிரித்தோம். பிரித்தால் ஒரே குழப்பம். ஒரு கனெக்டிங் ராடில் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) 3 என்று பஞ்ச் அடித்திருக்கிறது, அதோடு வந்த கேப்பில் (ராடின் கீழ்முனையை மூடும் பாதி) 2. இன்னொரு ராடில் நம்பரே இல்லை. மூன்று பிஸ்டன் தலையில் 020 என்று இருக்கிறது, நான்காவதில் எதுவும் இல்லை, அதன் தலை மட்டும் கிண்ணம் மாதிரிக் குழிந்திருக்கிறது. நிறுத்தும்வரை வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஐடிலில் ஒரு குலுக்கல் மட்டும் எப்போதும் உண்டு. மெக்கானிக் அண்ணன் "ஓடின எஞ்சின்தானே தம்பி, பேரிங்கும் ரிங்கும் மாத்திப் போட்டுடலாம்" என்கிறார். போடலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். உங்கள் மெக்கானிக் சொல்வதில் ஒன்று உண்மை, அது ஓடிய எஞ்சின்தான். ஆனால் ஓடியபோது அந்தப் பொருந்தாத ஜோடிகள் ஒன்றையொன்று தேய்த்துத் தேய்த்து எப்படியோ ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கும். இப்போது பிரித்தாகிவிட்டது, புது பேரிங்கை உள்ளே வைத்து முடுக்கினால் அந்தப் பழைய சமாதானம் எல்லாம் போய்விடும். பிரிப்பதற்கு முன் ஓடியது என்பது திரும்பப் பூட்டினால் ஓடும் என்பதற்குச் சாட்சி ஆகாது.

முதலில் இந்தக் கலப்படம் ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அம்பாசிடரில் 1489 சிசி ஓவர்ஹெட் வால்வ் எஞ்சின் 1959-ல் வந்தது. இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் எஞ்சின் அது. பிறகு பல பத்தாண்டுகள் இதே எஞ்சின் வந்துகொண்டே இருந்தது, முதலில் வந்த கான்டெஸா காரிலும் இதுதான். அதனால் பழைய பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் போய் "அம்பாசிடர் ராடு ஒண்ணு" என்று கேட்டால் எந்த வருடத்து எஞ்சினிலிருந்து கழற்றியது என்று யாரும் பார்ப்பதில்லை, பார்க்க ஒரே மாதிரி இருந்தால் அது உங்கள் கையில் வந்துவிடும். அறுபது வருடத்தில் ஐந்து தடவை பிரித்த எஞ்சின் என்றால் ஐந்து பேர் கை பட்டது. ஒருவர் ராடு வளைந்ததென்று ஒன்று மாற்றியிருப்பார், இன்னொருவர் ஒரு சிலிண்டரில் மட்டும் பிஸ்டன் பிடித்துவிட்டதென்று அதை மட்டும் சரி செய்து அனுப்பியிருப்பார். அன்றைக்கு டாக்சி ஓட வேண்டும், அவர்களையும் குறை சொல்ல முடியாது.

சரி, உங்கள் பிஸ்டனுக்கு வருவோம், ஏனென்றால் அந்த ஐடில் குலுக்கலுக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பி.எம்.சி. இந்த எஞ்சினை இரண்டு விதமாகக் கொடுத்தது. தட்டைத் தலை பிஸ்டன் போட்டது 8.3 கம்ப்ரெஷன் (சிலிண்டரில் இருப்பதை பிஸ்டன் எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற கணக்கு), குழிந்த தலை போட்டது 7.2. மட்டமான பெட்ரோல் கிடைத்த ஊர்களுக்குக் குழிந்தது. இப்போது கணக்குப் போடுங்கள். 1489-ஐ நான்கால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 372 சிசி. 8.3 கம்ப்ரெஷன் என்றால் பிஸ்டன் மேலே நிற்கும்போது மிஞ்சுகிற இடம் சுமார் 51 சிசி, 7.2 என்றால் 60 சிசி. வித்தியாசம் 9 சிசி, இரண்டு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று சிலிண்டர் ஒரு பலத்தில் தள்ள, நான்காவது அதைவிடக் குறைவான பலத்தில் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. கார்புரேட்டரை எத்தனை தடவை டியூன் செய்தாலும் அந்தக் குலுக்கல் போகாது. அப்பாவும் நிறையத் தடவை டியூன் செய்யக் கொடுத்திருப்பார்.

அடுத்த சந்தேகம், மற்ற மூன்றும் 020 ஓவர்சைஸ் என்றால் நம்பர் இல்லாதது எப்படி உள்ளே போனது? பிளாக்கின் மேல்தளத்தைக் கல் வைத்து லேசாகத் துடைத்துவிட்டு, அந்த சிலிண்டரின் விளிம்பைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். துளையைச் சுற்றி இரண்டு மூன்று மில்லி தள்ளி முடி மாதிரி ஒரு வட்டக் கோடு தெரிந்தால் அதில் ஸ்லீவ், அதாவது உள்ளே ஒரு புதுக் குழாய், அடித்திருக்கிறார்கள், ஸ்லீவ் அடித்துவிட்டு ஸ்டாண்டர்ட் சைஸுக்கு போர் போட்டிருக்கிறார்கள். ஸ்டாண்டர்ட் போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 73.025 மில்லி, அதாவது இரண்டேமுக்கால் அங்குலமும் அதன்மேல் ஒரு அரைக்கால் அங்குலமும். 020 என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு கூட, பட்டறையில் இருபது தௌ என்பார்கள், மில்லியில் 73.53. பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளக்கும்போது தலையை அளக்காதீர்கள். கீழே உள்ள பாவாடைப் பகுதியை, கஜன் பின்னுக்கு (பிஸ்டனையும் ராடையும் இணைக்கும் பின்) குறுக்காக அளக்க வேண்டும். பிஸ்டன் சரியான வட்டமாக இருக்காது, பின் போகும் பக்கம் குறுகியிருக்கும், அந்தப் பக்கம் அளந்துவிட்டு "தேஞ்சுபோச்சு" என்று தூக்கிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ராடு விஷயம் இன்னும் முக்கியம். பி-சீரிஸ் ராடின் பெரிய தலை, அதாவது கிராங்கைப் பிடிக்கும் முனை, நேராகப் பிளக்காமல் சாய்வாகப் பிளந்திருக்கும். போர் வழியாக மேலே எடுக்க வசதியாக அப்படிச் செய்தார்கள். ராடும் கேப்பும் தொழிற்சாலையில் ஒன்றாகப் பூட்டி, ஒன்றாகத் துளை போட்டு, அப்புறம் கழற்றப்பட்டவை. ஆகவே ஒரு ராடின் கேப் இன்னொரு ராடுக்கு ஆகவே ஆகாது, ஒரே எஞ்சினின் பக்கத்து ராடாக இருந்தாலும் ஆகாது. இதைச் சோதிக்க ஒரு வழி: பேரிங் இல்லாமல் ராடையும் கேப்பையும் பூட்டி, டார்க் ரென்ச்சில் 35 பவுண்ட்-அடி முடுக்குங்கள். உள்ளே சுண்டுவிரல் நகத்தை விட்டுச் சேருமிடத்தின் மேலே குறுக்காக இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் ஜோடி தப்பு. தட்டாவிட்டாலும் விடாதீர்கள், போர் கேஜ் வைத்து மூன்று திசையில் அளந்து மூன்றும் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். நீங்கள் செய்ய வேண்டியது, நான்கு ராடையும் நான்கு கேப்பையும் மேசையில் பரப்பி 3-க்கு 3, 2-க்கு 2 என்று சேர்த்து ஒவ்வொன்றாக இந்தச் சோதனை செய்வதுதான். நம்பர் இல்லாத ராடுக்கு மிஞ்சிய கேப்தான் ஜோடி என்று முடிவு கட்ட வேண்டாம், அதையும் அளந்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, இந்த எஞ்சினில் நான்கு ராடும் ஒரே மாதிரி கிடையாது. பெரிய தலை நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியிருக்கும், ஒன்றும் மூன்றும் ஒரு ஜாதி, இரண்டும் நான்கும் ஒரு ஜாதி. கடையில் தனி ராடு வாங்குபவர்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். மாற்றிப் போட்டால் எஞ்சின் பூட்டும், சுற்றவும் செய்யும், ஆனால் பிஸ்டனுக்குள் கீழேயிருந்து எட்டிப்பார்த்தால் ராடின் சின்னத் தலை ஒரு பக்கத்துச் சுவரை ஒட்டிக்கொண்டும் மறுபக்கம் இடைவெளி விட்டும் நிற்கும். நான்கிலும் இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி தெரிய வேண்டும்.

கஜன் பின்னையும் பார்த்துவிடுங்கள். பி.எம்.சி. இந்த எஞ்சினுக்குக் கொடுத்தது சின்னத் தலையில் பிளவு விட்டு போல்ட்டால் பின்னை இறுக்கிப் பிடிக்கும் ராடு. அந்தப் பின்னின் நடுவில் போல்ட் உட்காரக் குறுக்கே ஒரு பள்ளம் இருக்கும். சின்னத் தலையில் புஷ் (உள்வளையம்) போட்ட ராடு வேறு ரகம், அதில் பின் தளர்வாகச் சுழலும், பிஸ்டனில் இரண்டு ஓரமும் சர்க்ளிப் மாட்டும் பள்ளம் இருந்தே ஆக வேண்டும். புஷ் போட்ட ராடையும் சர்க்ளிப் பள்ளம் இல்லாத பிஸ்டனையும் யாராவது சேர்த்துவிட்டால், பின் மெல்ல நகர்ந்து வெளியே வந்து சிலிண்டர் சுவரைச் செதுக்கும். சுவரில் மேலும் கீழுமாகப் பென்சில் அகலத்துக்கு ஒரே இடத்தில் ஆழமான கீறல் இருந்தால் அதன் அர்த்தம் இதுதான். ரிங் உடைந்த கீறல் இப்படி ஒரே கோடாக இருக்காது.

கிராங்கைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, அதனால் சொல்கிறேன். ஜர்னல் என்பது கிராங்கில் பேரிங் உட்காரும் வழவழப்பான இடம். நான்கு ராடு ஜர்னலையும் மூன்று மெயின் ஜர்னலையும் தனித்தனியாக அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். ராடு ஜர்னல் ஸ்டாண்டர்ட் சுமார் 47.65 மில்லி, பத்து தௌ கிரைண்ட் செய்தது 47.40, இருபது செய்தது 47.14. ஒன்று மட்டும் தனியாக இருபது போயிருப்பதும் உண்டு, அடி வாங்கிய ஜர்னலை மட்டும் தேய்த்துவிட்டு மற்றதைத் தொடாமல் அனுப்பியிருப்பார்கள். கழற்றிய பழைய பேரிங் ஓடுகளைத் தூக்கிப்போடாமல் முதுகைத் திருப்பிப் படியுங்கள், 010, 020 என்று அச்சடித்திருக்கும். மேல் ஓடும் கீழ் ஓடும் வேறு வேறு சைஸாக இருந்ததைக் கூட நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். ஜர்னலுக்கும் பேரிங்குக்கும் இடைவெளி ஓர் அங்குல விட்டத்துக்கு ஒரு தௌ என்பது பொதுவான கணக்கு, ஆக இங்கே இரண்டு தௌ சுமாருக்கு வர வேண்டும். பத்து தௌ தேய்ந்த ஜர்னலில் ஸ்டாண்டர்ட் பேரிங் போட்டால் இடைவெளி பன்னிரண்டு தௌ ஆகிவிடும், ஆயில் எல்லாம் அங்கேயே வழிந்துபோகும், மீட்டரில் பிரஷர் ஏறாது, ஆயில் பம்ப்பை மாற்றி மாற்றிக் காசு கரைப்பீர்கள். பிளாஸ்டிகேஜ் என்று மெழுகுத் திரி மாதிரி ஒன்று கிடைக்கிறது, அதில் ஒரு துண்டை ஜர்னல் மேல் வைத்து கேப்பை முடுக்கிக் கழற்றினால் எவ்வளவு நசுங்கியிருக்கிறதோ அதை உறையில் உள்ள அளவோடு ஒப்பிட்டு இடைவெளியைச் சொல்லிவிடலாம். விலை அதிகமில்லை, வாங்கிவிடுங்கள்.

மெயின் பேரிங் கேப்பும் ராடு மாதிரிதான், மூன்றும் பிளாக்கோடு பூட்டி ஒரே நேர்கோட்டில் துளை போட்டவை. இதில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. பல வருடம் முன்பு ஒரு பிளாக்கை போர் போட ஒரு லேத் பட்டறைக்கு அனுப்பினேன், கேப்களையும் கூடவே அனுப்பிவிட்டேன். திரும்பி வந்ததும் கிராங்கை வைத்து மூன்றையும் முடுக்கினால் கம்பி போட்டுக்கூடச் சுற்றவில்லை. மூன்று நாள் பேரிங்கையே சந்தேகப்பட்டோம். கடைசியில் நடு கேப்பை மட்டும் தளர்த்தியதும் கிராங்க் ஒரு விரலுக்குச் சுற்றியது. அங்கே இன்னொரு அம்பாசிடர் பிளாக்கும் இருந்திருக்கிறது, நடு கேப் மாறிவிட்டது. போய்த் தேடினோம், கிடைக்கவில்லை. அந்த பிளாக்கை லைன் போரிங் (மூன்று கேப் துளையையும் ஒரே நேர்கோட்டில் மறுபடி குடைவது) செய்துதான் பிழைக்க வைத்தோம். அதிலிருந்து கேப்களைப் பூட்டிய நிலையில்தான் பிளாக்கை வெளியே அனுப்புகிறேன். நீங்களும் பிஸ்டன் பூட்டுவதற்கு முன் கிராங்கை மட்டும் வைத்து, கேப்களை ஒவ்வொன்றாக முடுக்கி, ஒவ்வொரு முறையும் கையால் சுற்றிப் பாருங்கள். எந்தக் கேப்பில் இறுகுகிறதோ அங்கே நில்லுங்கள்.

எல்லாம் சேர்ந்த பிறகு ஒரு கடைசிச் சோதனை. ரிங் போடாமல் நான்கு பிஸ்டனையும் ராடோடு பூட்டி, ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து, பிளாக் தளத்திலிருந்து பிஸ்டன் தலை எவ்வளவு கீழே நிற்கிறது என்று டயல் கேஜில் பாருங்கள். நேர்விளிம்புப் பட்டையும் ஃபீலர் கேஜும் இருந்தாலும் போதும். நான்கும் இரண்டு மூன்று தௌவுக்குள் ஒன்றாக வர வேண்டும். ஒன்று மட்டும் தனியாக நின்றால் ராடு வளைந்திருக்கிறது, இல்லை வேறு நீளம், இல்லை பிஸ்டன் வேறு.

என் யோசனை: குழிந்த பிஸ்டனை வைத்துக்கொண்டு சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஒரே செட்டாக நான்கு பிஸ்டன் வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு, நான்கு சிலிண்டரையும் அதன் சைஸுக்கு போர் போடச் சொல்லுங்கள். போர் போட்டுவிட்டு பிஸ்டன் தேடினால் கடைக்காரர் கொடுப்பதை வாங்க வேண்டியதாகிவிடும். ஒரு எச்சரிக்கை, அம்பாசிடர் டீசல் எஞ்சினும் 1489 சிசிதான், போரும் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) அதே எண்கள்தான். ஆனால் அது 23 கம்ப்ரெஷனில் ஓடுவது, அதன் பிஸ்டனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெட்டியில் 1489 என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம்.

கேள்வி: 1100 ஃபியட் வைத்திருக்கிறேன். போர் தேய்ந்து அரை மில்லி ஓவர்சைஸ் போடச் சொல்கிறார்கள், அந்த பிஸ்டன் செட் எங்கும் கிடைக்கவில்லை. மாருதி 800 பிஸ்டன் 68.5 மில்லி, உங்களுக்கும் அரை மில்லி கூட்டினால் 68.5தானே, அதையே போட்டுவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். சரியா?
– வாசகர், மதுரை

பதில்: கணக்கு சரி, யோசனை தப்பு. ஃபியட் 1100-ன் போர் 68 மில்லி, ஸ்ட்ரோக் 75. பழைய மாருதி 800-ன் போர் 68.5, ஸ்ட்ரோக் 72. விட்டம் மட்டும் தற்செயலாகப் பொருந்துகிறது, அவ்வளவுதான். ஒரு பிஸ்டன் பொருந்துகிறது என்று சொல்ல விட்டம் போதாது. கஜன் பின்னின் விட்டம், பின் நடுவிலிருந்து தலை வரை உள்ள உயரம், பின் போகும் இடத்தில் இரண்டு சுவர்களுக்கு நடுவே உள்ள அகலம், தலையின் வடிவம், ரிங் பள்ளத்தின் அகலம், எடை, இத்தனையும் ஒத்துப்போக வேண்டும். இதில் எல்லோரும் மறப்பது அந்தப் பின்-தலை உயரம். அது இரண்டு மில்லி குறைந்தால் கம்ப்ரெஷன் செத்துவிடும், இரண்டு மில்லி கூடினால் பிஸ்டன் போய் ஹெட்டில் முட்டும். வெர்னியரில் பின் துளையின் மேல் விளிம்பிலிருந்து தலை வரை அளந்து, அதோடு துளை விட்டத்தில் பாதியைக் கூட்டினால் அந்த உயரம் வந்துவிடும். கடையிலேயே நின்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம், உங்கள் பழைய பிஸ்டன் ஒன்றைப் பையில் எடுத்துப் போங்கள்.

ஒன்றாவது பொருந்தவில்லை என்றால் அதைச் சரிக்கட்ட ராடு புஷ்ஷைத் துளைப்பது, தலையைச் சீவுவது என்று ஒவ்வொன்றாக ஆரம்பிப்பார்கள். அதற்குப் பதில் ஸ்லீவ் அடித்து ஸ்டாண்டர்ட் 68-க்கே திரும்பிவிடுங்கள், ஸ்டாண்டர்ட் பிஸ்டன் தேடுவது இதைவிடச் சுலபம். நான்கு சிலிண்டரிலும் ஸ்லீவ், ஒன்றில் மட்டும் வேண்டாம்.

கேள்வி: கோவையில் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒன்றை வாங்கி எஞ்சின் வேலை செய்தோம். ஓடுகிறது, ஆனால் கிளட்ச் அழுத்தினால் எஞ்சின் வேகம் கொஞ்சம் இறங்குகிறது, முன்னால் கிராங்க் புல்லி லேசாக அசைவது கண்ணுக்கே தெரிகிறது. கூடவே ஒரு சந்தேகம், இங்கிலாந்திலிருந்து வரவழைத்த ஹெட் கேஸ்கட் ஓட்டை பெரிதாக இருக்கிறது, அப்படியே போடலாமா?
– வாசகர், கோவை

பதில்: வண்டியை இப்போதே நிறுத்துங்கள், இன்னொரு தடவை கூட ஸ்டார்ட் செய்ய வேண்டாம். இது சீக்கிரம் பார்த்தால் சின்ன வேலை, விட்டால் பிளாக்கே போய்விடும். கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் இருக்க இந்த எஞ்சினில் பின் மெயின் பேரிங்கின் இரண்டு பக்கமும் அரைவட்டமாக இரண்டு திரஸ்ட் வாஷர் இருக்கும். இரண்டு அரைவட்டம்தான், முழு வட்டம் கிடையாது. அதனால் ஓர் அளவுக்கு மேல் தேய்ந்ததும் அது நழுவிச் சுற்றிக் கீழே ஆயில் தொட்டியான சம்ப்பில் விழுந்துவிடும். விழுந்த பிறகு கிராங்கின் இரும்பு நேராக பிளாக்கில் உரசும்.

புதிதாகப் பூட்டிய எஞ்சினில் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்கிறதென்றால் இரண்டு காரணம்தான். வாஷரின் ஒரு முகத்தில் ஆயில் போகக் கோடு கோடாகப் பள்ளம் இருக்கும், அந்த முகம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டிருந்தால் மென்மையான முகம் பிளாக் பக்கமும் வெறும் எஃகு கிராங்க் பக்கமும் வந்துவிடும், சில நூறு கிலோமீட்டரில் கதை முடிந்துவிடும். இல்லையென்றால் தேய்ந்த கிராங்குக்கு ஸ்டாண்டர்ட் தடிமன் வாஷர் போட்டிருப்பார்கள், ஓவர்சைஸ் போட்டிருக்க வேண்டும். சம்ப்பை இறக்கிப் பாருங்கள், அடியில் அரைநிலா வடிவில் ஒரு தகடு கிடந்தால் விடை கிடைத்துவிட்டது. புதியது போட்டதும் கிராங்கை முன்னும் பின்னும் நெம்பி டயல் கேஜில் பாருங்கள், 4-லிருந்து 8 தௌவுக்குள் வர வேண்டும், நான் 5, 6-ல் வைப்பேன். இரண்டு பக்கமும் ஒரே தடிமன் வாஷர்தான் போட வேண்டும் என்றில்லை, அளவு வர ஒரு பக்கம் ஓவர்சைஸும் மறுபக்கம் ஸ்டாண்டர்டும் போடலாம்.

கேஸ்கட் விஷயத்தில் உங்கள் கண் சரியாகப் பார்த்திருக்கிறது, போடாதீர்கள். நம் ஹெரால்ட் சென்னையில் செய்த வண்டி, 948 சிசி எஞ்சின், போர் 63 மில்லி. இங்கிலாந்தில் 1961-லேயே டிரையம்ஃப் ஹெரால்டுக்கு 1147 சிசி கொடுத்துவிட்டார்கள், அதன் போர் 69.3. பிறகு 1296 சிசியும் வந்தது. இங்கே நான்கு கதவு மார்க் 3 வந்தபோதும், அதற்குப் பிறகு கஸெல் வந்தபோதும் அந்த 948-ஐயே வைத்துக்கொண்டோம். அதனால் அங்கே "ஹெரால்ட்" என்று சொல்லி எது கேட்டாலும் பெரும்பாலும் 1147 எஞ்சினுக்கு உரியதுதான் வரும். கேஸ்கட் ஓட்டை ஆறு மில்லி பெரிதாக இருந்தால் சுற்றிலும் மூன்று மில்லிக்கு ஒரு பள்ளம் விடும், அங்கே கரி சேர்ந்து கனன்று நாக்கிங் வரும், கம்ப்ரெஷனும் குறையும். ஆர்டர் கொடுக்கும்போது வண்டிப் பெயரைச் சொல்லாமல் 948 என்றும் 63 மில்லி என்றும் எழுதுங்கள்.

கேள்வி: என் அம்பாசிடரில் போல்ட் நட் சில 13 நம்பர் ஸ்பேனரில் கழல்கிறது, சில ஆடிக்கொண்டே இருக்கிறது. வேறு போல்ட் போட்டுவிட்டார்களா?
– வாசகர், வேலூர்

பதில்: ஆடுகிறதே, அதுதான் அசல் போல்ட். அது அரை அங்குலம், அதாவது 12.7 மில்லி, உங்கள் 13 அதன்மேல் ஆடி முனையை உருட்டிவிடும். 13 கச்சிதமாக உட்காருவது யாரோ பின்னால் போட்ட மெட்ரிக் போல்ட். தலை போகட்டும், மரைதான் பெரிய ஆபத்து. 3/8 அங்குல போல்ட் 9.5 மில்லி தடிமன், அந்தத் துளையில் 10 மில்லி மெட்ரிக் போல்ட்டைப் பலமாக முடுக்கியிருந்தால் மரை பாதி வெட்டப்பட்டிருக்கும், டார்க் பிடிக்காது. ஹெட், மெயின் கேப், ராடு, ஃப்ளைவீல் இந்த நான்கு இடத்திலும் ஒவ்வொரு போல்ட்டையும் மரை கேஜ் வைத்துப் பாருங்கள். மற்ற இடங்களைச் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஃபியட்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதில் எல்லாமே மெட்ரிக்.

கேள்வி: 1968 மாடல் வண்டிக்கு விண்டேஜ் பதிவு எடுக்க நினைக்கிறேன். உள்பாகங்கள் மாற்றியிருந்தால் பிரச்சினை வருமா? பிளாக்கே வேறு என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.
– வாசகர், புதுச்சேரி

பதில்: 2021-ல் வந்த மத்திய விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, வியாபாரத்துக்கு ஓடாத வண்டிக்கு விண்டேஜ் பதிவு கிடைக்கும், நம்பரில் வி.ஏ. என்று வரும். சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. பேரிங், பிஸ்டன், ரிங் மாற்றுவது தேய்மானத்துக்குச் செய்யும் பராமரிப்பு, அதற்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. பிளாக் வேறு என்றால் எஞ்சின் நம்பர் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகாது, அதுதான் விஷயம். முதலில் பிளாக்கில் உள்ள நம்பரைத் துடைத்துப் படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதை முறையாகப் பதிந்துவிட்டு விண்ணப்பியுங்கள். நம்பரைத் தேய்த்துவிட்டுப் புதிதாக பஞ்ச் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள், அது குற்றம்.

கேள்வி: வால்வைத் திறக்கத் தள்ளும் எட்டு டேப்பட்டையும் கழற்றி ஒரே தட்டில் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவிவிட்டேன். எது எந்தத் துளையில் இருந்தது என்று தெரியவில்லை. கேம்ஷாஃப்ட் நன்றாக இருக்கிறது. பரவாயில்லையா?
– வாசகர், காரைக்குடி

பதில்: மனசு கேட்காமல்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. டேப்பட்டின் அடிமுகமும் கேமின் மூக்கும் பல ஆயிரம் கிலோமீட்டர் ஒன்றோடொன்று தேய்ந்து ஜோடியாகிவிட்டவை. இடம் மாற்றிப் போட்டால் அந்த கேம் மூக்கு சீக்கிரமே சிதைய ஆரம்பிக்கும், ஒரு மூக்கு போனாலும் கேம்ஷாஃப்ட் முழுதும் போனது மாதிரிதான்.

ஒவ்வொரு டேப்பட்டின் அடிமுகத்தையும் இன்னொரு டேப்பட்டின் பக்கவாட்டில் நேராக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். நல்ல டேப்பட்டின் முகம் தட்டையாகத் தெரிந்தாலும் நடுவில் மயிரிழை உயர்ந்திருக்கும், ஆகவே இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் தெரியும். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் முகம் குழிந்துவிட்டது, அது வேண்டாம். முகத்தில் வட்ட வட்டமாகக் கோடு இருந்தால் டேப்பட் சுழன்றுகொண்டிருந்தது, நல்லது. ஒரே திசையில் நேர்கோடு மட்டும் இருந்தால் சுழலாமல் நின்றபடி தேய்ந்திருக்கிறது, அதன் கேம் மூக்கைத் தேடிப் பாருங்கள், அங்கேயும் தழும்பு இருக்கும். எட்டும் நன்றாக இருந்தாலும் பழைய கேமில் எட்டு புது டேப்பட் போடுவதே மேல், செலவு பெரிதில்லை. முகத்தில் அசெம்பிளி பேஸ்ட் தடவிப் பூட்டி, முதல் இருபது நிமிடம் ஐடிலில் விடாமல் 2000 ஆர்.பி.எம். சுமாரில் ஓட்டுங்கள்.

அடுத்த தடவைக்கு வீட்டில் முட்டை வாங்கிய அட்டையை எடுத்து வையுங்கள். குழிகளில் ஸ்கெட்ச் பேனாவால் ஒன்றிலிருந்து எட்டு வரை எழுதி, ரேடியேட்டர் பக்கமிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கழற்றி அதில் நிறுத்திவிடுங்கள், கழுவும்போதும் ஒன்றை எடுத்துக் கழுவி அதே குழியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.